காற்றில் வளையும் தீப்பொறி

நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் நான்கு-ஸ்ட்ரோக் பைக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்றால், ஸ்பார்க் பிளக் விநாடிக்கு 50 முறை பொறி விடுகிறது. ஒரு பொறியின் ஆற்றல் பெரும்பாலும் 30 முதல் 100 மில்லிஜூல். 100 கிராம் சோப்புக் கட்டியை 3 சென்டிமீட்டர் தூக்கவே 30 மில்லிஜூல் ஆகிவிடும்!

இதுகூட தாராளம்தான். சரியான விகிதத்தில் கலந்த மீத்தேனும் காற்றும் அசையாமல் இருந்தால், 0.3 மில்லிஜூலிலேயே பற்றிக்கொள்ளும். பிறகு எதற்கு நூறு மடங்கு? சிலிண்டருக்குள் எதுவும் சும்மா இருப்பதில்லை, அதனால்தான்.

பொறி பாய்ந்ததும் பிளக் முனைகளுக்கு நடுவே மில்லிமீட்டர் அளவில் ஒரு சுடர் பிறக்கிறது. இதைத் தீக்கரு என்போம். எரிவதால் அதற்கு வெப்பம் வருகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த கலவையும் பிளக்கின் உலோகமும் அதைப் பறிக்கின்றன. வரவு செலவை மிஞ்சும் அளவுக்கு வளர்ந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் வண்டி 'மிஸ்ஸிங்' அடிக்கும்.

இடையில் காற்று புகுகிறது. விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசினால், 0.8 மில்லிமீட்டர் இடைவெளியில் நேராகப் பாய்ந்த பொறி பல மில்லிமீட்டர் நீள வில்லாக வளைந்துவிடும். இதில் லாபம் உண்டு: நீண்ட பொறி அதிகக் கலவையைச் சூடாக்கும், தீக்கருவும் உலோகத்தை விட்டு விலகும். அளவு மீறி இழுபட்டால் வில் அறுந்து, பழைய இடத்திலேயே புதிய பொறி பாயும். ஆற்றல் சிதறிப்போகும்.

சீரற்ற சிறு சுழல்கள் நிறைந்த ஓட்டத்துக்குக் கொந்தளிப்பு என்று பெயர். அது கூடக் கூட, பற்றவைக்கத் தேவையான ஆற்றல் முதலில் மெல்ல ஏறும். ஓர் எல்லையைத் தாண்டியதும் செங்குத்தாக எகிறும். பெட்ரோல் குறைந்த கலவையில் சுடரின் வேகமும் குறைவு என்பதால் அங்கே ஆபத்து அதிகம்.

அப்படியானால் கொந்தளிப்பே வேண்டாமா? அது இல்லாமல் எஞ்சின் ஓடாது! சாதாரண அழுத்தத்தில், அமைதியான கலவைக்குள் பெட்ரோல் சுடர் விநாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர்தான் நகரும். 6,000 சுற்றில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர 5 மில்லிவிநாடி போதும். சுழல்கள் சுடரின் முகப்பைக் கசக்கி மடிக்கின்றன; எரியும் பரப்பு பெருகி வேகம் பல மடங்காகிறது. எஞ்சின் வேகம் கூடினால் கொந்தளிப்பும் கூடும், சுடரும் தானாகவே ஈடுகொடுக்கும்.

ஆகவே, பிளக் மாற்றும்போது கையேட்டில் உள்ள இடைவெளியையே வையுங்கள். குறைத்தால் உலோகம் வெப்பத்தை விழுங்கும். கூட்டினால் பொறி பாய்வதே சிரமம்.