பனி ஓடுபாதையில் சிறு விமானம் ஏன் சறுக்குகிறது?

பனி பெய்யும் நாடுகளில் சிறு விமானங்கள் குளிர்காலத்தில் சிக்கும் விபத்துகளில் பல, சக்கரம் தரையைத் தொட்ட பிறகே நடக்கின்றன. வானத்தில் ஒரு குறையும் இல்லாமல் பறந்து வந்த விமானம், இறங்கிய சில விநாடிகளில் ஓடுபாதையைத் தாண்டிப் பனிமேட்டில் மூக்கைக் குத்தி நிற்கிறது. காரணம் என்ன?

பெரிய பயணிகள் விமானம் இறங்கியதும், இறக்கையின் மேல் தடுப்புத் தகடுகள் எழும்பும். இயந்திரம் காற்றை முன்புறமாகத் தள்ளும். சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பிரேக் தானாகவே விட்டுவிட்டுப் பிடிக்கும். நான்கு பேர் அமரும் செஸ்னா 172 போன்ற விமானத்தில் இவற்றில் ஒன்றுகூட கிடையாது. விமானி காலால் மிதிக்கும் சாதாரண பிரேக் மட்டுமே. காய்ந்த ஓடுபாதையில் அது தரையைத் தொட்டபின் சுமார் 175 மீட்டரில் நின்றுவிடும். பனிக்கட்டியின் மேல் பிரேக்கை அழுத்தினாலோ, சக்கரம் நிற்கும், விமானம் நிற்காது.

வேகமும் சேர்ந்து வஞ்சிக்கும். இறங்கும் வேகம் 10 விழுக்காடு கூடினால், பிரேக் தாங்க வேண்டிய சக்தி 21 விழுக்காடு கூடிவிடுகிறது. பயத்தில் "கொஞ்சம் வேகமாகவே வருவோம்" என்று நினைக்கும் விமானி தன் சிரமத்தைத் தானே பெருக்கிக்கொள்கிறார்.

நிறுத்துவது ஒருபுறமிருக்க, நேராக ஓட்டுவதே பெரும்பாடு. பக்கவாட்டில் காற்று வீசினால், உயர்ந்து நிற்கும் வால் காற்றாடி போலத் திரும்பும். காய்ந்த தரையில் சக்கரத்தின் பிடிப்பு அதைத் தடுத்துவிடும். பனிக்கட்டியில் அந்தப் பிடிப்பு இல்லை. ஒரு சக்கரம் காய்ந்த தரையிலும் மற்றது பனித்திட்டிலும் இருக்கும்போது பிரேக் போட்டால் விமானம் சட்டென்று ஒருபக்கம் இழுக்கும். பாதையோரத்தில் வாரிக் குவித்த பனி, தாழ்வான இறக்கையைப் பிடித்துக்கொள்ளவும் கூடும்.

புறப்படும் இடத்திலேயே விபத்து விமானத்தில் ஏறிக்கொள்வதும் உண்டு. பாதி உருகிச் சேறுபோல் கிடக்கும் பனியில் ஓடிப் புறப்படும்போது, அது சக்கரத்திலும் பிரேக்கிலும் தெறித்து ஒட்டுகிறது. மேலே போனதும் உறைந்துவிடுகிறது. இறங்கும்போது சக்கரம் சுழல மறுக்கிறது. விமானிக்கோ, தரையைத் தொடும்வரை இது தெரியாது.

கண்ணும் ஏமாறும். புதுப்பனி மூடிய தரையும் மேகம் மூடிய வானமும் ஒரே வெண்மையாக இருக்க, தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்பதே பிடிபடாது. தரை வந்துவிட்டது என்று எண்ணி உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிட்டு, தொப்பென்று விழும் விமானங்கள் உண்டு.

குளிர் கூடினால் ஆபத்தும் கூடும் என்று நினைப்போம். உண்மை அப்படியல்ல. அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முறைப்படி, 2021 நவம்பர் 4 முதல் ஓடுபாதையின் நிலைக்கு 6 முதல் 0 வரை எண் தரப்படுகிறது. காய்ந்த பாதைக்கு 6. மைனஸ் 15 டிகிரி அல்லது அதற்கும் கீழான குளிரில் இறுகிய பனிக்கு 4. அதே இறுகிய பனி அதைவிட வெப்பமாக இருந்தால் 3. பனிக்கட்டிக்கு 1. நீர் படர்ந்த பனிக்கட்டிக்கு 0. உருகத் தொடங்கும் பனியே மோசமானது. (மழைநீர் தேங்கும் வெப்பமண்டல ஓடுபாதைகளுக்கும் இதே அட்டவணைதான். 3 மில்லிமீட்டருக்கு மேல் நீர் தேங்கினால் 2.)

ஆனால் சிறு விமானங்கள் இறங்கும் பல நிலையங்களில், மாலையானால் பாதையைப் பார்த்து எண் சொல்ல ஆளே இருப்பதில்லை. காலையில் சொன்ன நிலை மாலையில் மாறியிருக்கும். ஆகையால் புறப்படுமுன் தொலைபேசியில் விசாரிப்பதும், சற்று முன் இறங்கியவரை வானொலியில் கேட்பதும், சந்தேகம் இருந்தால் வேறு நிலையத்துக்குத் திரும்புவதும்தான் வழி. மீண்டும் மேலெழும் முடிவையும் முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். சறுக்கத் தொடங்கிய பிறகு எஞ்சியிருக்கும் பாதை அதற்குப் போதாது.

தெரிந்தே பனிக்கட்டியில் இறங்குபவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்தில், வின்னிபசாக்கி ஏரி உறைந்ததும் ஆல்டன் பே என்ற இடத்தில் அந்த ஏரியின் மீதே ஓடுபாதை அமைக்கிறார்கள். இயந்திர வேகத்தை முன்கூட்டியே குறைத்து, பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவதே அங்கு வழக்கம். பனிக்கட்டி 12 அங்குலத் தடிமனை எட்டாத குளிர்காலத்தில் அந்த ஓடுபாதை திறக்கப்படுவதே இல்லை.