அடி தாங்கும் கலை

கராத்தே என்றதும் ஓடு உடைக்கும் கையும் திரைப்படச் சண்டையுமே நம்மில் பலருக்கு நினைவில் எழுகின்றன. ஜப்பானில் வளர்ந்த கியோகுஷின் மரபு வேறு வகையானது. அங்கே கையுறை இல்லை. மார்புக் கவசமும் இல்லை. முகத்தில் கையால் குத்தலாகாது என்பது விதி. ஆனால் காலால் தலையை உதைக்கலாம். மார்பிலும் வயிற்றிலும் தொடையிலும் முழு வலிமையோடு தாக்கலாம். ஆகவே அடி கொடுப்பதைவிட அடி தாங்குவதே அங்குப் பெரிய கல்வி. வணங்கும்போது அவர்கள் சொல்லும் ‘ஓஸ்’ என்ற சொல்லை இரண்டு எழுத்துக்களால் எழுதுவர். ஒன்றின் பொருள் தள்ளுதல். மற்றதன் பொருள் பொறுத்தல்.

இம்மரபின் வீரர் அகியோஷி மட்சுயி, 1963-இல் டோக்கியோவில் கொரிய வம்சாவழிக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தபோது, பிழைப்பை நாடியும் கட்டாயத்தின் பேரிலும் கடல் கடந்து வந்தோர் பல இலட்சம். 1952-இல் அவர்கள் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தனர். அந்நாட்டிலேயே பிறந்த அவர்தம் பிள்ளைகளும் சட்டப்படி அயலாரே. கியோகுஷினை நிறுவிய மசுதாத்சு ஓயாமாவும் கொரிய மண்ணில் 1923-இல் பிறந்தவர்தாம். ஜப்பானிய வீரத்தின் சின்னமென உலகம் போற்றிய கலையில் ஆசானும் தலைமாணாக்கரும் கொரியராய் இருந்தது நமக்கு வியப்பே.

மட்சுயி 1984-இல் உலகப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றார். 1985, 1986 ஆகிய ஈராண்டுகளிலும் அகில ஜப்பான் வாகையர் ஆனார். ஆயினும் பதக்கங்களைவிட நம்மைத் தடுத்து நிறுத்துவது 1986 மே மாதம் அவர் ஏற்ற சோதனைதான். ஒருவர் பின் ஒருவராக நூறு பேர் வருவர். ஒரே நாளில் அத்தனை பேரோடும் அவர் பொருத வேண்டும். வருகிறவர் ஒவ்வொருவரும் இளைப்பாறிய உடலோடு வருவார். நடுவில் நிற்பவருக்கோ மாற்று இல்லை. அடிபட்ட தசை சிதைந்து, அதன் கழிவு இரத்தத்தில் கலந்தால் சிறுநீரகமே பழுதாகக்கூடும். எழுபதுகளின் தொடக்கத்திற்குப் பின் எவரும் முடிக்காதிருந்த இச்சோதனையை மட்சுயி தம் 23-ஆம் வயதில் முடித்தார். இதனைப் பிறர் பின்பற்றுக என நாம் சொல்லமாட்டோம். பிள்ளைகளைப் பெற்றவர்கள் நடுங்கத்தக்க செயல் இது. ஆனால் அந்த மன உறுதியை மதியாதிருக்கவும் இயலவில்லை.

மறு ஆண்டு, எடைப் பிரிவு இல்லாத உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் சுவிட்சர்லாந்தின் ஆன்டி ஹூக்கை வென்று மட்சுயி உலக வாகையர் ஆனார். இறுதிச் சுற்றை எட்டிய முதல் வெளிநாட்டவர் ஹூக். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற அவர், 2000-இல் இரத்தப் புற்றுநோயால் 35 வயதிலேயே மறைந்தது வருந்தத்தக்கது.

இதைவிடக் கடினமான போராட்டம் களத்திற்கு வெளியே காத்திருந்தது. 1994 ஏப்ரல் 26 அன்று ஓயாமா காலமானார். மருத்துவமனையில் எழுதப்பெற்றதாகக் கூறப்பட்ட உயிலின்படி, 31 வயதே நிரம்பிய மட்சுயி தலைமைப் பொறுப்பேற்றார். ஓயாமாவின் குடும்பத்தார் அவ்வுயிலை எதிர்த்தனர். நீதிமன்றமும் அதை ஏற்க மறுத்தது. மூத்த பயிற்சியாளர் பலர் பிரிந்து சென்றனர். நூறு பேரின் அடியைத் தாங்கும் பயிற்சி பெற்றோர்க்கும், உடன் பயின்றவரின் மாற்றுக் கருத்தைத் தாங்குவது அரிதாயிற்று போலும்! யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. மட்சுயி தம் பிரிவைத் தொடர்ந்து நடத்தினார். அவருக்குப் பின் 1991-இல் உலக வாகை சூடிய கென்ஜி மிதோரி மற்றோர் அணியில் சேர்ந்து, பின்னர் அதன் தலைவரானார்.