சுரங்கம் இழுத்து வந்த மின்கம்பி

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் கிணற்று மோட்டார் ஓடுகிறது. நாட்டுப்புறத்துக்கு மின்கம்பி வந்த வரலாற்றைத் தேடிப் போனால், ஒரு தங்கச் சுரங்கத்தில் போய் நிற்போம்.

1902-இல் சிவசமுத்திரக் காவிரி அருவியில் எடுத்த மின்சாரம் 147 கிலோமீட்டர் கடந்து கோலார் சுரங்கத்துக்குச் சென்றது. மின் அழுத்தம் சுமார் 30,000 வோல்ட். ஏன் இவ்வளவு? அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால், அதே திறனை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். கம்பி சூடாகி வீணாகும் ஆற்றலோ நூறில் ஒரு பங்காகிவிடும்.

ஆனால் கம்பிக்குக் கீழே இருந்த கிராமங்களில் அகல்விளக்குதான் எரிந்தது. அவ்வளவு அழுத்தத்தை வீட்டு அளவுக்கு இறக்க மின்மாற்றி வேண்டும். நாலு விளக்குக்காக அதை யார் வைப்பார்? கம்பிக்கும் கம்பத்துக்கும் ஆன செலவு, மின்சாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றே. விளக்கு நாளுக்கு நாலு மணி நேரம் எரியும். சுரங்கத்திலோ இரவு பகலாக வேலை. அதே கம்பி ஆறு மடங்கு நேரம் உழைக்கும். பெங்களூர்த் தெருவிளக்குகளே 1905-இல்தான் எரிந்தன.

நம் பக்கத்து நெய்வேலியின் கதை இன்னும் சுவையானது. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்துடன் மேலே உந்துகிறது. ஓயாமல் இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். ஆக, கரி கிடைக்கு முன்பே மின்சாரம் வேண்டும்! 1957-இல் தோண்டத் தொடங்கி, 1961-இல்தான் கரியைக் கண்டார்கள். அதில் ஏறத்தாழப் பாதி ஈரம். வெளியூருக்கு ஏற்றினால் தண்ணீருக்கல்லவா வண்டிக்கூலி! எனவே சுரங்கத்தருகிலேயே எரித்து, மின்சாரமாகக் கம்பியில் அனுப்பினார்கள். 1962-இல் 50 மெகாவாட்டுடன் தொடங்கிய நிலையம், 1970-இல் 600 மெகாவாட்டை எட்டியது.

அன்றைய தென்னார்க்காட்டின் சமவெளியில் இதை வாங்கிக்கொள்ளக் கிணறுகள் இருந்தன. விளக்கைப் போலன்றி, பம்புசெட் பகலிலும் மணிக்கணக்கில் மின்சாரம் இழுக்கும். கோலாருக்குச் சுரங்கம் செய்த உதவியைக் கள்ளக்குறிச்சிக்குக் கிணறு செய்தது எனலாம்.

கல்வராயன் மலையில் இந்தக் கணக்கு நேராகாது. சிதறிய சிற்றூர்கள்; மழையை நம்பிய சாமையும் தினையும்; காட்டு வழியே கம்பம் சுமக்கும் செலவு வேறு. வரவை மட்டும் பார்த்திருந்தால் அங்கே கம்பி ஏறியிராது. அரசு நட்டத்தைத் தாங்கியதால்தான் ஏறியது. தாங்கியது முறையே. முதல் கரி வெளிவரும்வரை நெய்வேலியின் செலவையும் அரசுதானே தாங்கியது?