செல்போன் தொலைந்தால் முதலில் எதைப் பூட்டவேண்டும்?

பஸ்ஸை விட்டு இறங்கிய ஒருவர் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார். "திக்" என்கிறது. செல்போனைக் காணோம்!

"பத்தாயிரம் ரூபாய் போயிற்றே!" என்று அவர் வருந்துகிறார். ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் இனிமேல்தான் வரக்கூடும்.

எப்படி?

சிம் கார்டுதான் சாவி

பாங்கிப் பணத்தை அனுப்ப "ஓ.டி.பி." என்ற ரகசிய எண் வருகிறது அல்லவா? அது சிம் கார்டைத் தேடித்தான் வரும். திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால், அந்த எண் அவன் கைக்குப் போய்விடும். போனைப் பூட்டி வைத்திருந்தாலும் பயன் இல்லை!

ஆகவே, முதல் வேலை இதுதான்: பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி, சிம் கம்பெனியைக் கூப்பிட்டு, சிம்மை முடக்கச் சொல்லவேண்டும். அடுத்து பாங்கிக்குச் சொல்லவேண்டும். பணம் பறிபோயிருந்தால், உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யவேண்டும்.

படங்கள் என்ன ஆகும்?

ஆண்ட்ராய்டு போன் என்றால், வேறு போனில் தமது கூகுள் கணக்கைத் திறந்து, தொலைந்த போனைப் பூட்டலாம். அதில் உள்ளதை எல்லாம் அழிக்கலாம். அந்தப் போனுக்கு இன்டர்நெட் கிடைத்ததும் கட்டளை பலிக்கும்.

திருடனுக்கும் உதவாது!

பிறகு போலீசில் புகார் கொடுத்து நகல் வாங்கவேண்டும். பழைய நம்பரிலேயே புது சிம் பெறவேண்டும். மத்திய அரசு 2023-ம் ஆண்டு மே மாதம் தொடங்கிய "சஞ்சார் சாத்தி" இணையதளத்தில் இந்த விவரங்களைக் கொடுத்தால், போனையே முடக்கிவிடுவார்கள். இந்தியாவில் எந்த சிம்மைப் போட்டாலும் அதில் பேச முடியாது.

அதற்குப் போனின் 15 இலக்க எண் வேண்டும். *#06# என்று அழுத்தினால் அது தெரியும். தொலைந்த பிறகு எப்படி அழுத்துவது? இன்றே அழுத்திப் பார்த்து, வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

ஒரு நிமிஷ வேலைதான்!