தையல் இயந்திரம் தந்த மாளிகை

இத்தாலிய மாளிகை என்றவுடன், பிரபு வம்சத்தார் குன்றுகளின் மீது நிர்மாணித்த, தூண்களும் சிலைகளும் நீரூற்றுகளும் நிறைந்த அரண்மனைகளே நம் நினைவுக்கு வரும். மிலான் நகரின் நடுவே, மோத்சார்ட் வீதியில் உள்ள நெக்கி கம்பிலியோ மாளிகையோ, வம்சப் பெருமை ஏதுமின்றி, வார்ப்பிரும்பிலும் தையல் இயந்திரத்திலும் பொருளீட்டிய குடும்பத்தார் தமக்கென்று கட்டிக்கொண்ட வீடு. பாவியா நகரத்துச் சகோதரிகளான ஜிஜினா, நெத்தா இருவரும், ஜிஜினாவின் கணவர் ஆஞ்ஜெலோ கம்பிலியோவும் பியெரோ போர்த்தலுப்பி என்னும் கட்டடக் கலைஞரை அழைத்து, செலவைப் பற்றிக் கவலைப்படாமல் 1932 முதல் 1935 வரை இதை எழுப்புவித்தனர்.

வெளிச்சுவர்கள் நேர்கோடுகளாலான அடக்கமான சுவர்கள். செல்வம் உள்ளேதான் இருக்கிறது. விலையுயர்ந்த மரங்களில் இழைத்த தரைகளும் கதவுகளும், அந்நாளில் அபூர்வமான லிப்டும், அறைக்கு அறை பேசும் தொலைபேசியும், குளியலறையில் நட்சத்திர வடிவில் திறந்த ஜன்னலும், அலங்காரமும் சௌகரியமும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை என்று போர்த்தலுப்பி கருதியதைக் காட்டுகின்றன.

ஆயினும் இம்மாளிகையின் ஜீவன், தோட்டத்தை நோக்கிய கண்ணாடி வராந்தாவில்தான் இருக்கிறது. இரட்டைக் கண்ணாடிகளை இடைவெளி விட்டு அமைத்து, அவற்றின் நடுவே செடிகளை வளர்த்து, மிலானின் பனிமூட்டம் மண்டிய குளிர்காலத்திலும் பசுமை வாடாதபடி செய்திருக்கிறார்கள். உள்ளே அமர்ந்திருப்பவர் அறையில் இருக்கிறாரா, நந்தவனத்தில் இருக்கிறாரா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. இரவில் இந்த வராந்தாவை மூடுவதற்கு, உலோகத்தில் செடிகொடிகளின் உருவத்தைச் செதுக்கிய நகரும் கதவுகள் உண்டு.

தோட்டம் பெரிதன்று. மரங்களின் நிழலையொட்டி டென்னிஸ் மைதானமும், வெந்நீர் வசதியுடைய நீச்சல் குளமும் இருக்கின்றன. தனியார் வீட்டில் நீச்சல் குளம் என்பது அக்காலத்து மிலானில் பெரும் புதுமை.

யுத்த காலத்தில் இம்மாளிகை பாசிஸ்ட் கட்சியினர் வசமாயிற்று. பின்னர் குடும்பத்தார் திரும்பியபோது, தொமாசோ புத்சி என்பவரைக் கொண்டு சில அறைகளைப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாணியில் மாற்றினர். பிரபுக்களைப் போல் தோன்றும் ஆசை புதுச் செல்வர்களை எளிதில் விடுவதில்லை போலும்! போர்த்தலுப்பியின் துணிவுக்கு முன் அந்தத் திரைச்சீலைகளும் வளைந்த நாற்காலிகளும் ஒரு மாற்றுக் குறைவே என்பது என் அபிப்பிராயம்.

2001ல் ஜிஜினா, இம்மாளிகையை இத்தாலியப் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் நிதியத்துக்கு விட்டுச் சென்றார். 2008 முதல் பொதுமக்கள் பார்க்கலாம். மிலான் செல்லும் வாசகர் பேராலயத்தைக் கண்டபின் இங்கே நடந்தே வந்துவிடலாம். வந்தால், முதலில் வராந்தாவுக்குச் செல்லுங்கள்.