ஊதியமும் உறுதிமொழியும்

நோயாளி நாடிச் செல்லும் மருத்துவர் வேறு; நிறுவனம் அமர்த்தும் மருத்துவர் வேறு. பின்னவர்க்கு ஊதியம் தருபவர் முதலாளி. மார்பைக் காட்டி நிற்பவரோ தொழிலாளி. இவ்விருவர் நலனும் முரணும்போது மருத்துவர் யார் பக்கம் நிற்பார்?

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஜான்ஸ் மேன்வில் நிறுவனம் கல்நார்ச் சுரங்கமும் ஆலையும் நடத்தி வந்தது. அதன் மருத்துவர் கென்னத் ஸ்மித், 1949இல் 708 தொழிலாளரை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். சிலருடைய எக்ஸ்ரே படங்களில் கல்நார்த் தூசி விளைத்த நுரையீரல் நோய் தென்பட்டது. உடலிலோ தளர்ச்சி இல்லை. நலமாக உணரும்வரை அவர்களிடம் அதனைச் சொல்ல வேண்டா என்று பரிந்துரைத்தார். சொல்லாதிருந்தால் அவர்கள் மன அமைதியுடன் வாழ்வர். அவர்தம் அனுபவமும் நிறுவனத்திற்குப் பயன்படும் என்பது அவர் கருத்து. முதற் காரணத்தில் கருணை தொனிக்கிறது. ஆபத்தும் அதிலேதான் உள்ளது. அந்நோய் மீளாதது. அறிந்திருந்தால் தூசியற்ற வேறு வேலையைத் தேடும் வாய்ப்பேனும் அவர்களுக்கு இருந்திருக்கும்.

அவரைக் கொடியவர் என்று ஒதுக்கிவிடவும் இயலவில்லை. 1950களின் தொடக்கத்தில், கல்நார்ப் பொருள்களில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுமாறு மேலிடத்தை வேண்டியவரும் அவரே. விற்பனை குறையும் என்ற அச்சத்தால் அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை என்று பின்னாளில் அவர் சாட்சியம் அளித்தார். ஆயினும் அவர் பணியில் நீடித்தார். சீட்டு ஒட்டப்பட்டது 1964இல்.