வீட்டை இடிக்குமுன் அமர்ந்து எண்ணுவோம்

கோபுரம் கட்ட விழைபவன், அதைக் கட்டி முடிக்கத் தன்னிடம் பொருள் உண்டா என்று முதலில் அமர்ந்து கணக்கிட வேண்டும் என ஆண்டவர் இயேசு கூறியதை லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். சீடராவதன் விலையை உணர்த்தவே அவர் இவ்வுவமையைச் சொன்னார். எனினும், தச்சர் இல்லத்தில் வளர்ந்த அவருக்கு, வீடு கட்டுவோர் படும் பாடும் தெரிந்தே இருந்திருக்கும்.

புது வீடு மந்திரிக்கச் செல்லுமிடங்களில் நாம் காண்பது என்ன? பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு தரைமட்டமாகிவிட்டது. அவ்விடத்தில் காங்கிரீட் மாடி எழுந்து நிற்கிறது. ஆனால் நண்பகலில் மேல்மாடியில் இருக்க இயலவில்லை. மின்விசிறி அனற்காற்றையே வீசுகிறது. மகளின் படிப்புக்கென்று சேர்த்த பணமும் சுவருக்குள் போய்விட்டது. கடனோ எஞ்சி நிற்கிறது.

வீடு பழுதுற்றால் இடிப்பது ஒன்றே வழியன்று. நிற்கும் சுவரில் செங்கல்லும், அதைச் சுட்ட விறகும், மனித உழைப்பும் அடங்கியுள்ளன. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது, எரிபொருளின் புகையோடு அக்கல்லிலிருந்தும் கரியமில வாயு வெளிப்படுகிறது. உலகில் மனிதரால் வெளியாகும் அவ்வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலால் வருவதே. 2015-ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் ‘லவுதாத்தோ சி’ என்னும் திருமடலில் பூமியை நம் பொதுவான இல்லம் என்று அழைத்தார். அப்பெரிய இல்லத்தைப் பேணும் கடமை நம் சிறிய இல்லத்திலேயே தொடங்குகிறது.

இதற்குத் துணைநிற்க வல்லவர் கட்டடக் கலைஞர். அவர் செல்வந்தர்க்கு மட்டுமே உரியவர் என்று எண்ணுதல் வேண்டா. 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி, கட்டடக் கலை மன்றத்தில் பதிவு பெற்றவரே ‘ஆர்க்கிடெக்ட்’ என்னும் பெயரைப் பயன்படுத்தலாம். எனவே பதிவைக் கேட்டறிந்து, ஊதியத்தையும் பணிகளையும் முன்னதாகவே எழுத்தில் முடிவு செய்துகொள்வது நலம்.

அவரிடம் எதைச் சொல்வது? முதலாவது, செலவிடக்கூடிய தொகையை ஒளிக்காமல் சொல்லுங்கள். இரண்டாவது, அயலார் வீட்டுப் படத்தைக் காட்டுவதைவிட, உங்கள் குடும்பம் வாழும் முறையை விளக்குங்கள். மூன்றாவது, உச்சி வெயிலிலும் மாலையிலும் அவரை வீட்டிற்கு அழையுங்கள். எந்தச் சுவர் சுடுகிறது, எந்தப் பக்கம் காற்று வருகிறது என்பதை அவர் நேரில் உணரட்டும். நான்காவதாக, வீட்டார் அனைவரும் உடனிருங்கள்.

நம் பங்கைச் சார்ந்த ஒரு குடும்பத்தில் இதைக் கண்டோம். வீட்டை இடித்துவிட மைந்தர் இருவரும் முடிவு செய்திருந்தனர். கட்டடக் கலைஞர் வந்து உத்தரங்களைத் தட்டிப் பார்த்தபோது, கரையான் அரித்திருந்தது பின்கட்டில் மட்டுமே என்று தெரிந்தது. முற்றத்தையாவது தளம் போட்டு மூடிவிடலாம் என்றனர் மைந்தர். அதுவரை வாய் திறவாதிருந்த முதிய தாயார், “முற்றத்தை மூடாதீங்க தம்பி, வெக்கையெல்லாம் அது வழியாத்தான் வெளியே போகுது” என்றார். கட்டடக் கலைஞர் அதை ஒப்புக்கொண்டார். முற்றம் நிலைத்தது, நல்ல ஓடுகள் கழுவப்பெற்று மீண்டும் கூரையேறின, மேற்குச் சுவருக்கு நிழல்தரத் தாழ்வாரம் இறக்கப்பட்டது. விற்கவிருந்த நிலமும் தப்பியது.

இவ்வழியில் நமக்கு முன்னோடி, இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து கேரளத்தைத் தம் இல்லமாக்கிக்கொண்ட லாரி பேக்கர். வீட்டிற்குரிய பொருள்களை ஐந்து மைல் சுற்றளவிலேயே தேடவேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து அவர் நெஞ்சில் பதிந்திருந்தது. திருவனந்தபுரம் பேராயர் பெனடிக்ட் மார் கிரகோரியோஸ், ஏழைகளுக்கு வீடு கட்ட அவரையே நாடினார். செங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விடும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையை அவர் பரப்பினார். இதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகிறது. இடைவெளியிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. காங்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டையும் குறைத்தார். இடிந்த வீடுகளின் கதவுகளும் அவர் கையில் மறுவாழ்வு பெற்றன. அவர் 2007-இல் மறைந்தார். அவர் காட்டிய முறைகள் இன்றும் கையாளப்படுகின்றன.

நீரையும் மறவோமாக. தமிழகத்தில் மழைநீர் சேமிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் நீர் விழுகிறது. பெயருக்குக் குழாய் பொருத்தாமல், அந்நீர் வடிகட்டப்பட்டுக் கிணற்றைச் சேருமாறு வரைபடத்திலேயே வழி வகுக்கச் சொல்லுங்கள்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, வீட்டின் பெருமை ஊரார் வியக்கும் முகப்பில் இல்லை. முதியோர் நண்பகலில் கண்ணயரவும், மாலையில் குடும்பம் கூடிச் செபமாலை சொல்லவும், கடன்காரருக்கு அஞ்சாமல் கதவைத் திறந்துவைக்கவும் இயலுமாயின், அதுவே ஆசீர் பெற்ற இல்லம். ஆகவே, கடப்பாரையைக் கையில் எடுக்குமுன் சற்றே அமர்வோம், அறிந்தவரைக் கேட்போம், வீட்டிலுள்ள பெரியவர்களையும் கேட்போம்.